பொட்டி வாங்கப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உட்காரு. புதுக் கம்ப்யூட்டர் கட்டப் போறியாம். கேபினட் சின்னதா இருக்கணுமாம், சத்தமும் கேக்கக் கூடாதாம். பொண்ணு பாக்கப் போனப்போகூட நீ இவ்ளோ கண்டிஷன் போடலையே!

சத்தமில்லாத பொட்டின்னா நம்ம மண்டகப்பட்டுல ஒண்ணு இருக்குது. ஏழாம் நூத்தாண்டுல மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைஞ்சு மும்மூர்த்திக்கு மூணு அறை எடுத்தான். செங்கல் இல்ல, மரம் இல்ல, உலோகம் இல்ல, சுண்ணாம்பு இல்லன்னு அவனே கல்லுல வெட்டியும் வெச்சான். கடைக்காரன் கண்ணாடி உண்டு, கலர் லைட்டு உண்டுன்னு நோட்டீஸ் போடுவான். ராசா இல்லாததைச் சொல்லிப் பேர் வாங்கினான். ஆனா அந்த மூணு அறையும் இப்ப காலி. உள்ள சூடு கிளப்ப யாருமில்ல. உன் பொட்டிக்குள்ள கிராபிக்ஸ் கார்டு கொதிக்கப் போவுதே, அது எந்தப் பக்கம் மூச்சு விடும்?

மினி ஐடிஎக்ஸ் போர்டுன்னா 170 மி.மீ. சதுரம். பத்து லிட்டர் பொட்டியிலகூட அடங்கும். (லிட்டர்லதான் அளக்கறானுங்க. சொசைட்டிக்குப் பால் ஊத்தற வீட்டுப் புள்ள, உனக்குத் தெரியாததா?) ஆனா அவ்ளோ சின்னதுல சாதா எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் நுழையாது. எஸ்எஃப்எக்ஸ்னு குட்டி ஒண்ணு இருக்குது, 125க்கு 100க்கு 63.5 மி.மீ.; குட்டிக்குத்தான் காசு கூட. அதுல காத்தாடியும் குட்டி. அதே காத்தைத் தள்ள அது வேகமாச் சுத்தணும், சுத்தினா கத்தும். பெரிய காத்தாடி மெதுவாச் சுத்தியே வேலையை முடிச்சிடும். ஒரு காத்தாடியோட வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும்டா.

ஸ்பாஞ்சு ஒட்டி, முன்கதவு மூடின பொட்டியை ‘சைலண்ட்’னு விப்பானுங்க. குளிர் தேசத்துல சரி. அக்கினி நட்சத்திரத்துல நம்ம ரூமே நாப்பது டிகிரியைத் தொடுது. காத்தாடி வெச்சு ஆத்தற எதுவும் ரூம் சூட்டுக்குக் கீழ இறங்காது. கதவை மூடினா உள்ள புழுங்கும், காத்தாடி வெறி புடிச்சுச் சுத்தும். அப்புறம் சைலண்டாவது மண்ணாவது! அதுவும் தலைக்கு மேல சீலிங் ஃபேனைக் கடகடன்னு ஓடவுட்டுட்டு, நீ பொட்டியோட சத்தத்தைப் பத்திப் பேசற.

மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 244 மி.மீ. சதுரம், அது அடங்கற பொட்டியா எடு. முகம் வலையா இருக்கட்டும், முன்னாடி 140 மி.மீ. காத்தாடி ரெண்டு, பின்னாடி 120 ஒண்ணு. தூசி ஃபில்டர் கழட்டிக் கழுவற மாதிரி இருக்கணும். ரோட்டுப் புழுதி உன் வாரண்டி கார்டைப் படிக்காது. ஹார்டு டிஸ்க்கை வுட்டுட்டு எஸ்எஸ்டி போடு, பாதி முனகல் அதோட போச்சு.

கார்டு நீளம், கூலர் உயரம் ரெண்டையும் பொட்டியோட அளவோட ஒத்துப் பாத்துட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பஸ் ஏறு. பக்கக் கதவு மூடலன்னு ரெண்டாந்தடவை போனா, டிக்கெட் காசு என்கிட்ட கேக்காத.