கூட்டாளிக்கு ஜிகினா கட்டப்போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, கூட்டாளி லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டுக் குடுக்கப் போறேன்னு சொன்ன. சரி, புண்ணியம். "அவனுக்கு எல்லாம் ஜிகுஜிகுன்னு இருக்கணுமாம் தாத்தா, எந்த டெஸ்க்டாப்பு போடலாம்?"னு அடுத்து கேட்ட பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. உரக்கடையில பில்லு போடுத பய அவன். யூரியா எத்தனை மூடை, பொட்டாசு எத்தனை மூடைன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கட்டத்துக்குள்ள நம்பரு அடிக்கவன். விண்டோ தீப்பிடிச்சு எரிஞ்சு மூடணும்னு அவனுக்கு ஆச வந்துச்சா, இல்ல போன்ல எவனோ காட்டுன வீடியோவப் பாத்துட்டு நீ அவன் தலையில கட்டுதியா? மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பாத. பதில் தெரிஞ்சு போச்சு.

சந்தையில கொம்புக்குப் பெயிண்டு அடிச்சு நிறுத்தியிருக்க மாட்டயும் பல்லப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் மடியில கை வைக்கணும். அவன் பெட்டியில ரேம் 4 ஜிபியா, 8 ஜிபியா? உள்ள இருக்கது சுத்துத டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? என்விடியா கார்டு இருக்கா, இல்ல இன்டெல் ஆன்போர்டா? இதுல ஒண்ணு கூட நீ கேக்கல, வால்பேப்பர் மட்டும் இறக்கி வச்சுருக்க. சுத்துத டிஸ்க்குன்னா, அவன்கிட்ட துட்ட வாங்கி ஒரு எஸ்எஸ்டிய மாட்டு. பெட்டி பொசுக்குன்னு தொறக்கதப் பாத்து அவன் வாயப் பொளந்தான்னா, ஜிகினாவ மறந்தாலும் மறந்துருவான்.

இல்ல தாத்தா, நான் அவன்கூடப் பேச்ச முறிக்கணும், அதுக்கு ஒரு வழி சொல்லும்னு கேட்டேன்னா, ஹைப்பர்லேண்ட் போட்டுக் குடு. 2022-ல வந்த சரக்கு, அழகு அழகுதான், பொய் சொல்லக்கூடாது. விண்டோ துள்ளிக்கிட்டு வரும், மூல எல்லாம் வட்டமா இருக்கும், பின்னால இருக்கது மங்கலாத் தெரியும். ஆனா போட்ட உடனே கண்ணுக்கு என்ன தெரியும்? ஒரு படம். அம்புட்டுதான். மேல ஒரு பட்ட வேணும்னா வேபார்னு தனியாப் போடணும். மெனுவுக்கு இன்னொண்ணு தேடணும். எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல நீயே எழுதி வைக்கணும். வழக்கமா அதுல வச்சுருக்க சாவி, சூப்பரோட க்யூ அமுக்குனா டெர்மினல் தொறக்கும். சூப்பரோட எம் அமுக்குனா மொத்தமா வெளிய தள்ளிரும். உரக்கடைப் பய பாதி பில்லுல கை தவறி அந்த எம்-ம அமுக்கட்டும். சேமிக்காத கணக்கு போன கையோட ஒனக்குத்தான் போன் அடிப்பான். மூடை வாங்க வந்த சம்சாரி எதிர்லயே நிப்பாரு. அவரு பேசுததும் ஒனக்குப் போன்ல தெளிவாக் கேக்கும்.

குனோம் போடலாம்னு நெனைக்கியா? நல்ல பிள்ள அது, வம்புதும்புக்குப் போவாது. ஆனா தானா நகை நட்டு ஒண்ணும் போடாது, எல்லாம் நாமதான் எக்ஸ்டென்ஷனாப் போட்டு விடணும். நீ வீடியோவுல பாத்த எரியுத விண்டோவும் அப்படி ஒரு எக்ஸ்டென்ஷன்தான். வருசத்துக்கு ரெண்டு மட்டம், மார்ச்சும் செப்டம்பருமா, குனோம் புதுப் பதிப்பு வரும். 2023 செப்டம்பர்ல 45 வந்தப்போ எக்ஸ்டென்ஷன் எழுதுத முறையவே மாத்திட்டாங்க. திருப்பி எழுதுத வரைக்கும் பழசு ஒண்ணும் ஓடல. அந்த மாதிரி ஒரு நாள்ல "ஏண்டா, என் நெருப்பு எங்கடா?"ன்னு அவன் கேட்டா என்ன சொல்லுவ?

என்லைட்டன்மென்ட்னு ஒண்ணு இருக்கு, அழகுக்குப் பேர் போனது. அதோட 17-ம் பதிப்பு முழுசா வெளிய வர பன்னெண்டு வருசம் போல ஆச்சு, 2012 டிசம்பர்ல வந்துச்சு. ஒங் கூட்டாளியோட பொறுமை எம்புட்டுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

நீ மட்டும் தடுமாறுதேன்னு வெக்கப்படாத. லினக்ஸப் பெத்த லினஸ் டோர்வால்ட்ஸே அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்ச மனுசன்தான். கேடிஇ வச்சிருந்தாரு. 2008-ல 4.0 வந்து ஆளப் பாடாப்படுத்தவும் குனோமுக்குத் தாவுனாரு. 2011-ல குனோம் 3 வந்துச்சு, அதையும் திட்டிட்டு எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போனாரு. கர்னல் எழுதுன கையிக்கே டெஸ்க்டாப்பு அடங்கல.

இந்த ஜிகினா என்னமோ நேத்துதான் வந்துச்சுன்னு ஒனக்கு நெனப்பு. 2006-லயே காம்பிஸ் வந்துட்டு பேராண்டி. நாவல் கம்பெனியில டேவிட் ரெவ்மன் எழுதுனது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுல ஒரு மூலைய ஒதுக்கி நான் கம்ப்யூட்டர் சென்டர்னு போர்டு மாட்டியிருந்த காலம் அது. ஒரு பெட்டியில மட்டும் அதப் போட்டு வாசலப் பாத்துத் திருப்பி வச்சேன். டெஸ்க்டாப்பு கன சதுரமாச் சுத்தும். விண்டோவப் பிடிச்சு இழுத்தா தளதளன்னு ஆடும். லோயர் அடிக்க வந்த பிள்ளைக எல்லாம் மெஷின விட்டுட்டு அதச் சுத்தித்தான் நிக்கும். அட்மிஷன் நல்லா ஏறிச்சு. பரீட்சையில எத்தனை பேரு தேறுனாங்கன்னு கேக்காத, அது எதுக்கு இப்ப.

சரி, விளையாட்டு போதும். பிளாஸ்மா போடு. கேடிஇ-யோட பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரி 28-ல வந்தது. நடுவுல 5.23-ல கன சதுரத்தத் தூக்கிட்டாங்க, 6.0-ல திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. அதனால பதிப்பப் பாத்து இறக்கு. குபுண்டு 24.04-ல இருக்கது பழைய 5.27. அதப் போட்டுட்டு கன சதுரம் எங்கன்னு ராத்திரி முழுக்கத் தேடிக்கிட்டு இருப்ப. ஃபெடோராவோட கேடிஇ பதிப்பு எடுத்தேன்னா 6 வரும். விர்ச்சுவல் டெஸ்க்டாப்ப நாலாக்கி, கன சதுரத்துக்கு டிக் போட்டுட்டு, மெட்டாவோட (முன்னால சொன்ன அதே சூப்பர் சாவிதான்) சி அமுக்கு, சுத்தும்.

செட்டிங்ஸ்ல டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும். அதுல வாப்லி விண்டோஸ், அதுதான் ஆட்டம். டிக் போட்டுட்டு ஒரு விண்டோவத் தலையில பிடிச்சு இழுத்துக் காட்டு, பய சொக்கிப் போவான். மேஜிக் லேம்ப் போட்டா விண்டோவச் சுருக்கும்போது கீழ இருக்க பட்டைக்குள்ள வழிஞ்சு எறங்கும். ஃபால் அபார்ட் மட்டும் வேண்டாம். மூடுத விண்டோ சுக்கு நூறாச் செதறுததப் பாத்துட்டு, பில்லுதான் ஒடைஞ்சு போச்சுன்னு அவன் கடை ஓனரு பயந்துருவாரு.

இப்ப சொல்லப்போறதக் கிட்ட வந்து கேளு. அதே செட்டிங்ஸ்ல அனிமேஷன் வேகத்துக்கு ஒரு இழுப்பான் இருக்கு. இடது பக்கம் போனா மெதுவு. வலது கடைசியில தள்ளுனா அனிமேஷனே இல்லாம டக்குன்னு நடக்கும். அது இருக்க எடத்த அவன்கிட்ட மொத நாளே சொல்லிராத. ஒரு வாரம் ஆடட்டும். "மாப்ள, லேசாத் தல சுத்துதுடா"ன்னு அவனே வருவான். அன்னைக்குப் போயி, என்னமோ பெரிய ரிப்பேர் பாக்க மாதிரி நெத்தியச் சுருக்கிக்கிட்டு, அத வலது கடைசிக்குத் தள்ளிவிடு. "ஆஹா, பெட்டி பறக்குதே!"ன்னு டீயும் வடையும் வாங்கிக் குடுப்பான். வேகமா ஓடுத பெட்டிய நீதான் இம்புட்டு நாளு ஆட்டிக்கிட்டு இருந்தன்னு சொல்லிக் குடுக்காத.

தீம் கடைப் பக்கம் மட்டும் அவன விடாத. பிளாஸ்மாவுக்குக் குளோபல் தீம்னு அடுக்கி வச்சுருப்பாங்க. நெறத்த மட்டும் மாத்தும்னு நெனைக்காத, அதுக்குள்ள ஸ்கிரிப்டும் ஓடும். 2024 மார்ச்சுல ஒருத்தர் அப்படி ஒரு தீமப் போட, அதுல தப்பா எழுதியிருந்த அழிக்கிற கட்டளை அவரு ஃபைல் எல்லாத்தையும் தொடச்சுட்டு. வெளியாளு செஞ்சதப் பாத்துப் போடுங்கன்னு கேடிஇ ஆளுகளே எச்சரிக்கை விட்டாங்க. கடையில வரவேண்டிய கடன் கணக்கு பூரா அந்தப் பெட்டியிலதான இருக்கு? தீம் போடுததுக்கு முன்னால ஒரு பென்டிரைவ்ல அத எடுத்து வை. கடன்காரங்க வருத்தப்பட்டா படட்டும்.

தமிழ் டைப்பிங்க மறந்துட்டுப் போயிறாத, சம்சாரி பேர எல்லாம் தமிழ்லதான அடிப்பான். பிளாஸ்மாவுல வேலேண்ட் ஓடுச்சுன்னா எஃப்சிஐடிஎக்ஸ் 5-ங்குத டைப்பிங் சாஃப்ட்வேரப் போட்டா மட்டும் பத்தாது. செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் கீபோர்டுங்குத எடத்துல போயி அதத் தேர்ந்தெடுக்கணும். அங்க கொண்டுபோய் ஏன் வச்சாங்கன்னு என்னக் கேக்காத. அதுக்குள்ள எம்17என் போட்டா தமிழ்99 கிடைக்கும், என் கையிக்கு ஒத்த பழைய டைப்ரைட்டர் வரிசையும் கிடைக்கும்.

ஞாயித்துக்கெழம கட அடைச்சிருக்கும்போது போ. எடுத்த எடுப்புல டிஸ்க்க அழிச்சுராத, பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிக் காட்டு. மவுஸ அவன் கையில குடுத்துட்டு நீ தள்ளி உக்காரு. வைஃபை வருதா, பிரிண்டர் அடிக்குதா, மூடித் தொறந்தா முழிக்குதான்னு பாரு. அப்புறமா கன சதுரத்தச் சுத்து, ஆட்டத்தக் காட்டு. பய கைதட்டுவான். பின்னால நிக்க மதினி, கடைக் கணக்கு பாக்கது அந்தப் பிள்ளதான், எல்லாம் முடியுத வரைக்கும் பேசாமப் பாத்துட்டு, "சரி தம்பி, இதுல ஜிஎஸ்டி பில்லு எங்குன இருக்கு?"ன்னு கேக்கும். அதுக்குப் பதிலத் தயார் பண்ணிக்கிட்டு வண்டிய எடு.