கை பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது

நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் கட்டிவிட்ட ஸ்மார்ட் வாட்ச், சாயங்காலம் ஆனால் 'ஆறாயிரம் அடி, அபாரம்!' என்கிறது. நம்பலாமா?
*- நெசவாளர், சுந்தரபாண்டியம்*

பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை நம்ப வேண்டாம். வாட்ச்சுக்குள் இருப்பது முடுக்கமானி. சீராகத் திரும்பத் திரும்ப வரும் அசைவு எதுவாக இருந்தாலும் 'ஐயா நடக்கிறார்' என்று எழுதிக்கொள்ளும் அப்பாவி அது. நாடா ஓட நீங்கள் கயிற்றைச் சுண்டும் ஒவ்வொரு தடவையும் அதற்கு ஓர் அடி. சரி, கணுக்காலில் கட்டலாம் என்றால் அங்கே மிதி இருக்கிறது. குழித்தறிக்காரர் உடம்பில் அதிகம் ஆடாத இடம் இடுப்பு ஒன்றுதான். எழுந்து தெருவில் பாவுக்குப் போகும்போது மட்டும் அது கூடவே கிளம்பும். உங்களுக்கு ஏற்றது இடுப்பில் மாட்டும் கருவி.

இடுப்பில் மாட்ட பெல்ட் வேண்டாமா? அம்மா கட்டுவது சேலை, அப்பா கட்டுவது வேட்டி.
*- வங்கி ஊழியர், வத்திராயிருப்பு*

பேன்ட் போடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்த சாமான்தான். ஆனால் நம் முன்னோர்கள் முந்திக்கொண்டார்கள். அப்பாவுக்கு அரைஞாண் கயிறு, அம்மாவுக்கு இடுப்பில் செருகும் சுருக்குப்பை. கருவி தீப்பெட்டி அளவுதான். பையில் வெற்றிலை பாக்கோடு உருளாமல், உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா தனியாக இருக்கிறார். வாக்கர் பிடித்து நடக்கிறார். எந்த வாட்ச் வாங்கலாம்?
*- மகன், பெங்களூரு*

வாட்ச் வாங்கினால் 'அப்பா படுத்தே கிடக்கிறார்' என்று பெங்களூரில் உட்கார்ந்து கவலைப்படப் போகிறீர்கள். வாக்கரைப் பிடித்த கை வீசாது. கை வீசாவிட்டால் மணிக்கட்டுக் கருவி பல அடிகளை விட்டுவிடும். மெதுவாகத் தேய்த்து நடந்தால் இன்னும் மோசம். இவருக்குக் கணுக்கால் அல்லது இடுப்பு.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது எத்தனை அடி என்பதா, எவ்வளவு வேகம் என்பதா, எங்கே போனார் என்பதா? அடிக்கு முடுக்கமானி போதும். இடத்துக்கு ஜிபிஎஸ் வேண்டும், அது பேட்டரியைக் குடிக்கும். கீழே விழுந்தால் தகவல் வர வேண்டுமென்றால் அது தனி வசதி. வாங்கியதும் அப்பா திண்ணையில் நடக்கும் 100 அடியை நீங்களே எண்ணி, கருவி எத்தனை சொல்கிறது என்று பாருங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை நாள் சார்ஜ் நிற்கும்?' உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது, 'அப்பாவுக்கு யார் சார்ஜ் போடுவது?'

தினமும் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பாவமா?
*- ஓய்வுபெற்ற ஆசிரியை, ராஜபாளையம்*

சாஸ்திரத்தில் இல்லை, விளம்பரத்தில் இருந்தது. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானியின் பெயர் 'மான்போ-கே'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். பெயரே இலக்காகிவிட்டது. 2019-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரி 72 வயதுள்ள சுமார் 16,700 பெண்களின் இடுப்பில் (கவனியுங்கள், இடுப்பில்!) கருவி மாட்டிப் பார்த்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. மிச்சம் 2,500 அடியை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறினேன். சமதரையில் நடந்ததைப் போலவே வெறும் அடிக்கணக்கைக் காட்டுகிறது வாட்ச். நியாயமா?
*- பக்தர், கிருஷ்ணன்கோவில்*

முடுக்கமானிக்கு மலையும் மார்க்கெட்டும் ஒன்றுதான். ஏற்றம் தெரிய காற்றழுத்தமானி உள்ள கருவி வேண்டும். மேலே போகப் போக அழுத்தம் குறைவதை வைத்து உயரத்தைக் கணக்கிடும். இறங்கும்போது முழங்கால் படும் பாட்டைக் கணக்கிடும் கருவி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் முழங்கால்.

எவ்வளவு நடந்தார்கள் என்று ஆளைக் கேட்டாலே சொல்லிவிடுவார்களே, ஆய்வுக்குக் கருவி எதற்கு?
*- கல்லூரி மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்*

கேட்டும் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் கேள்வித்தாள் வைத்து நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு 2014-ல் வெளிவந்தது. 54.4 சதவீதம் பேருக்கு உடலுழைப்பு போதவில்லை என்றது. ஆனால் 'நேற்று எவ்வளவு நடந்தீர்கள்?' என்றால் யாருக்கும் கொஞ்சம் கூட்டிச் சொல்லத் தோன்றும். அதனால்தான் பிரிட்டனின் யுகே பயோபேங்க் சுமார் ஒரு லட்சம் பேருக்கு ஏழு நாள் கருவி கட்டியது. அதில் திரை கிடையாது. எண் கண்ணில் பட்டால் மனிதன் எழுந்து இரண்டு சுற்று நடந்துவிடுவானே! நீங்களும் ஆய்வுக்கு வாங்குவதானால் திரை இல்லாததாக, மூலத் தரவைத் தருவதாக, ஒரு வாரம் சார்ஜ் தாங்குவதாகப் பாருங்கள்.

காசு செலவழிக்காமல் வழியே இல்லையா?
*- இல்லத்தரசி, சுந்தரபாண்டியம்*

உங்கள் வீட்டிலேயே அளவுகோல் இருக்கிறது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். அதை வைத்துத் தரையில் நான்கு மீட்டருக்குக் கோடு போடுங்கள். பெரியவரை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் ஆனால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டருக்கும் கீழே. தசை பலம் குறைகிறதா என்று மருத்துவர்கள் யோசிக்கும் எல்லை அது. 2017-18-ல் இந்தியா முழுவதும் நடந்த 'லாசி' முதுமை ஆய்விலும் பெரியவர்களை இப்படி நான்கு மீட்டர் நடக்கவிட்டுத்தான் நேரம் குறித்தார்கள். மாதம் ஒருமுறை பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு ஒப்பிடாதீர்கள், போன மாதத்து உங்கள் தாத்தாவோடு ஒப்பிடுங்கள்.

அத்தைக்கு ஜிபிஎஸ் வாட்ச் கட்டிவிட்டோம். எங்கே போகிறார் என்று எங்கள் போனிலேயே தெரிகிறது. சட்டப்படி தப்பா?
*- மருமகள், ராஜபாளையம்*

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டு உபயோகத்துக்காகத் தனிநபர் கையாளும் தரவில் தலையிடுவதில்லை. சட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது, ஆகவே உள்ளே மரியாதையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தையிடம் கேட்டுவிட்டுக் கட்டினீர்களா? அவர் போனில் நீங்கள் போகுமிடம் தெரிய உங்களுக்குச் சம்மதமா?

எங்கள் ராஜபாளையம் நாய்க்கு வாட்ச்சைக் கட்டிவிட்டால்?
*- குறும்பன், ஊர் வேண்டாம்*

மாரத்தான் பரிசு நாய்க்கு, தொப்பை உங்களுக்கு.

பேரன் அனுப்பிய வாட்ச் கையில் உறுத்துகிறது. கழற்றி சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். தப்பா?
*- பாட்டி, சுந்தரபாண்டியம்*

கழற்றி வைத்த வாட்ச்சுக்கும் படுக்கையில் விழுந்த ஆளுக்கும் வித்தியாசம் தெரியாத கருவிகள் உண்டு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், கட்டிக்கொள்ளாத கருவி அளக்காது. உறுத்தாததாக ஒன்று கேளுங்கள். அதுவரை... 'பாட்டி, அடி பூஜ்யம் காட்டுதே, என்னாச்சு?' என்று பேரன் தினமும் போன் செய்கிறானா? அப்படியானால் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நன்றாக வேலை செய்கிறது.