பின் கண்ணாடியோடு வந்த பட்டம்

சொந்த மரத்துத் தேங்காய், சொந்தக் காரின் பின் கண்ணாடியிலேயே விழுந்தது. முன் கண்ணாடி என்றால் இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு இருக்கும். விரிசல் விட்டாலும் மானத்தோடு நிற்கும். பின்னால் இருப்பது காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்த டெம்பர்டு ரகம். அடி பட்டால் ஒரே நொடியில் டைமண்ட் கற்கண்டு. நான்கு முறை கூட்டியும் சீட் இடுக்கில் இன்னும் பிரசாதம் கிடைக்கிறது.

“திருஷ்டி கழிஞ்சதுன்னு நெனச்சுக்கங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் வீட்டில் தென்னை கிடையாது.

இன்ஷூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம், கூடவே நோ கிளெய்ம் போனஸுக்கும் ஆபத்து. கணக்குப் போட்டுவிட்டு, பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். பொருத்தமான பழைய கண்ணாடி ஒன்று கிடைத்தது. உள்பக்கம் கூட்டல் குறியோடு ‘டாக்டர்’ ஸ்டிக்கர்.

“சுரண்டினா டீஃபாகர் கோடு அறுந்துடும் சார்” என்றார் கடைக்காரர். சென்னை வெயிலில் பனி விலக்கும் கம்பிகளை நான் எதற்குக் காப்பாற்றினேன் என்று தெரியவில்லை.

அனுமதியற்ற ஸ்டிக்கருக்கு 2024 மே மாதம் முதல் அபராதம் என்று போக்குவரத்துக் காவல்துறை சொல்லியிருந்தது. சிக்னலில் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். பர்ஸைத் தேடினேன். குனிந்து மெதுவாகக் கேட்டார்: “டாக்டர், ரெண்டு நாளா முட்டி வலி...”