ஊழியக்காரர்களுக்கு ஒரு சுவர்

டிசம்பர் பிறந்தால் எங்கள் சபைக்கு இரண்டு கவலை. கேரல் ரவுண்ட்ஸில் இந்த வருஷம் டிரம் யார் அடிப்பது என்பது ஒன்று. அமெரிக்காவிலிருந்து ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்பது மற்றது. முதலாவது எப்படியும் சண்டையில் முடிந்துவிடும். இரண்டாவதுக்குத்தான் கமிட்டி கூடவேண்டும்.

வருகிறவர்கள் நல்லவர்கள். சொந்த ஊரில் குடும்பத்தோடு கேக் வெட்டிக் கொண்டாடாமல், கிறிஸ்மஸ் லீவில் கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்து, கடல் தாண்டி பெங்களூரில் இறங்கி, அங்கிருந்து நூறு கிலோமீட்டர் வேனில் குலுங்கி ராபர்ட்சன்பேட்டைக்கு வருகிறார்கள். "நாங்கள் சேவை செய்ய வந்திருக்கிறோம்" என்று டீ ஷர்ட்டிலேயே அச்சடித்திருக்கும். அதைப் பார்த்ததும் கமிட்டிக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏனென்றால் இந்த ஊரில் இல்லாத ஒரே பொருள் வேலைதான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எங்கள் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு பாதி ஊர் விடியுமுன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய், ராத்திரி திரும்பி வந்து தூங்கிவிட்டு மறுபடி ரயிலேறுகிறது. நாங்களே வேலை தேடி நூறு கிலோமீட்டர் போய்க்கொண்டிருக்கையில், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வேலை தேடி ஒரு கூட்டம் இங்கே வந்தால் என்னதான் செய்வது?

கமிட்டியில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. "குழி தோண்டச் சொல்லலாமே" என்றார் புதிதாக வந்த பொருளாளர். கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய், எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்திருக்கிற ஊர் இது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரலாம் என்றார் இன்னொருவர். துரைமார் பங்களாக்களில் வேலை பார்த்த எங்கள் பாட்டிகளே நன்றாக இங்கிலீஷில் திட்டுவார்கள். வைத்தியம்? அதற்கு வேலூர் இருக்கிறது. பிரசங்கம்? சுற்றுலா விசாவில் வந்தவர் மைக்கைப் பிடித்தால் வில்லங்கம். ஊழியத்துக்கென்று தனி விசா உண்டு. கடைசியில் எல்லா யோசனையும் சுற்றிவந்து முட்டி நிற்கிற இடம் ஒன்றுதான். சுவர்.

ஞாயிறு பள்ளிக் கட்டடத்தின் மேற்குச் சுவர். அதற்கு வர்ணம் அடிக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம்.

அந்தக் காலத்து மிஷனரிகளுக்கு இந்தச் சுவர்ப் பிரச்சினை இருந்ததில்லை. சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1719-இல் அங்கேயே அடக்கமானார். வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்கு வந்தவர், நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. ரிட்டர்ன் டிக்கெட் இல்லாதவருக்கு வேலை தானாக வந்து சேரும். ரிட்டர்ன் எண்ணத்தோடு வந்து மாட்டிக்கொண்டவர் ஐடா ஸ்கடர். நோயாளித் தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே ராத்திரியில் பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்கு உதவி கேட்டு மூன்று கணவர்கள் வந்து கதவைத் தட்ட, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப் போக, விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டராகத் திரும்பிவந்து, 1900-இல் வேலூரில் ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைக்கு நாங்கள் இருமலுக்கும் ஓடுகிற சி.எம்.சி. அந்த அம்மாவை யாராவது சுவருக்கு வர்ணம் அடிக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது.

வெளிநாட்டு ஊழியம் என்றால் வெள்ளைக்காரர்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. யாழ்ப்பாணத்து மாணவர்கள் 1900-இல் வெளிநாட்டு மிஷன் சங்கம் ஒன்று தொடங்கி, கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். அவர்களுக்குத் தொண்டி வெளிநாடு! அதைப் பார்த்து ரோஷம் வந்த அசரியா என்பவர் திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். தேதி டிசம்பர் 25. கிறிஸ்மஸ் அன்றைக்கு, பிரியாணி வேகிற நேரத்தில், கமிட்டி போட்ட மகான்கள். எங்கள் செயலாளர் இதைக் கேள்விப்படாமல் இருக்க நான் ஜெபிக்கிறேன்.

அமெரிக்கக் குழு வந்து இறங்கியது. இந்தியா என்றால் வெயில் என்று நம்பி அரைக்கால் சட்டையோடு வந்தவர்கள், தங்கவயல் டிசம்பர் குளிரில் பல்லைக் கிட்டித்துக்கொண்டு நின்றார்கள். சபையிலிருந்து சேவையின் முதல் கட்டமாக அவர்களுக்குக் குரங்குக் குல்லா வழங்கப்பட்டது. இரண்டாம் கட்டம் சாப்பாடு. மிளகாய் போடாத பிரியாணி செய்ய மாதர் சங்கத்தார் அத்தனை பேரும் அடுப்படியில் தவம் கிடந்தார்கள். குடிக்க பாட்டில் தண்ணீர், குளிக்க வெந்நீர், போக வர வேன். அவர்கள் ஒரு சுவருக்குச் சேவை செய்ய, நாங்கள் அத்தனை பேரும் அவர்களுக்குச் சேவை செய்தோம். குழுவில் ஒரு பையன் "ராக்கி வீடு எங்கே?" என்று என்னைக் கேட்டான். தங்கவயலை வைத்து எடுத்த கே.ஜி.எஃப். படத்தை சப்டைட்டிலோடு பார்த்திருக்கிறான். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். சுத்தியல் பிடிப்பதுபோல் வெறுங்கையைத் தூக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஜென்மம் சாபல்யமாகத் திரும்பினான். அவனுக்கு இங்கே உண்மையில் வேலை செய்தவர்களைக் காட்ட ஆசைப்பட்டு எங்கள் பெரியப்பாவிடம் அழைத்துப் போனேன். "இவர் துப்பாக்கி வச்சிருந்தாரா?" என்றான்.

பெரியப்பா சாம்பியன் ரீஃபில் டிம்பர்மேனாக இருந்தவர். பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. அவர் சுவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். "இன்னாடா இது, அந்தத் தம்பி பிரஷ்ஷ தொடப்பம் மாதிரி புடிச்சிகினு கீறாரு" என்றார். எழுந்து போய்த் திருத்த முயன்றவரைப் பாஸ்டரய்யா தடுத்துவிட்டார். "விடுங்கண்ணே, அவங்க ஊழியம்."

குழுவில் வயதான ஒருவர் இருந்தார். அவர் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம். முதல் நாள் பிரஷ்ஷை வாளியில் நனைத்தார். பெரியப்பா இருமுவது காதில் விழுந்தது. பிரஷ்ஷை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த இருமல் அவருக்குத் தெரிந்த இருமல். பிறகு ஊர் போகும்வரை அவர் எழுந்திருக்கவேயில்லை. மொழிபெயர்க்கப் போன என்னையும் இருவரும் அதிகம் கண்டுகொள்ளவில்லை. குச்சியால் தரையில் முட்டுக்கட்டை வரைந்து காட்டுவார் பெரியப்பா. வந்தவர் தலையை ஆட்டி, வேறு மாதிரி ஒன்றை வரைவார். "ஏர் பிளாஸ்ட்" என்று பெரியப்பா உள்ளங்கைகளைப் படீரென்று தட்டினார். பாறை வெடித்துச் சிதறுகிற அந்தச் சத்தத்துக்கு அந்தப் பெரியவர் நிஜமாகவே தோளைக் குறுக்கிக்கொண்டார். சுவரில் ஒரு கோடுகூட இழுக்காமல் போனவர் அவர் ஒருவர்தான். குழுத் தலைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அவர்கள் வேன் ஏறிய அன்று ராத்திரியே பெரியப்பா இரண்டு கூட்டாளிகளோடு ஏணி போட்டு, திட்டுத்திட்டாக இருந்த சுவரைச் சுரண்டி முதலிலிருந்து அடித்து முடித்தார். "அவங்க அடிச்சது ஃபர்ஸ்ட் கோட்டுன்னு சொல்லிக்கலாம்" என்றார் பெருந்தன்மையாக.

ஜனவரியில் கமிட்டி கூடியது. அடுத்த டிசம்பருக்கும் வருகிறோம், என்ன தேவை என்று கேட்டு மெயில் வந்திருந்தது. கிழக்குச் சுவரை இந்த வருஷம் யாரும் தொடக்கூடாது, மழையில் நனைந்து பாசி பிடித்தாலும் அப்படியே விடவேண்டும் என்று தீர்மானமாயிற்று. பெரியப்பா மட்டும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: "அந்தக் கரிச்சுரங்கத்து ஆளு வந்தா, சுவரு வேணாம். ஸ்டூலு இன்னொண்ணு வேணும்."

மே மாதம் எங்கள் வாலிபர் சங்கத்துக்கும் ஊழிய ஆசை வந்தது. மாநிலம் தாண்டினால் வெளிநாடு மாதிரிதானே என்று பிசாநத்தம் பக்கம் ஆந்திராவுக்குள் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, டீ ஷர்ட் அடித்துக்கொண்டு போனோம். மேற்பார்வைக்குப் பெரியப்பாவும் வந்தார். ஊர்ப் பெரியவர் மோர் கொடுத்தார், நிழலில் உட்காரவைத்தார், தெலுங்கு கலந்த தமிழில் நலம் விசாரித்தார். எங்கள் தலைவன் எழுந்து, "ஐயா, நாங்கள் சேவை செய்ய வந்திருக்கிறோம்" என்றான்.

பெரியவர் முகத்தில் ஒரு கலவரம் ஓடி மறைந்தது. உள்ளே திரும்பி யாரிடமோ தெலுங்கில் ரகசியமாக ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் ஒரு பையன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே," என்றார் அவர் பெரியப்பாவிடம், "பின்பக்கம் ஒரு சுவரு இருக்குது."