எல்-1 மகாத்மியம்

அரசுக் கொள்முதலின் குலதெய்வம் எல்-1. குறைந்த விலை கேட்டவருக்கே மாலை. மின்சாரத்தைக் குடம்குடமாகக் குடிக்கும் ஏ.சி.யை மலிவாக வாங்கினால் அதற்குப் பெயர் சிக்கனம். பத்தாண்டுக்கு வரப்போகும் மின்கட்டணமா? அது வேறு தலைப்பு, வேறு கோப்பு, வேறொரு அதிகாரியின் தலைவலி.

இத்தனைக்கும் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் எல்இடி பல்புகளைக் கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கி, 2014-ல் சுமார் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலையை 2016-ல் 38 ரூபாய்க்கு இறக்கிக் காட்டியது. 60 வாட் குண்டு பல்பு நின்ற இடத்தில் 9 வாட். வாங்குகிற கை பெரிதென்றால் விலையும் இறங்கும், நிலக்கரிப் புகையும் குறையும், சொற்பொழிவு தேவைப்படவில்லை.

சரி, இதையே எல்லாத் துறைக்கும் விரிக்க ஒரு கருத்தரங்கு நடத்தலாம். பந்தலுக்கு டெண்டர் விடவேண்டும். டீசல் ஜெனரேட்டர் தனிக் கணக்கு.