வள்ளிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை

அனுப்புநர்:
நாற்பது வருடமாக முன்வரிசையில் சாக்கு விரித்து நாடகம் பார்த்த ஒருவன்,
மதுரைக்கும் மேலூருக்கும் நடுவில் ஒரு கிராமம்.

பெறுநர்:
உயர்திரு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 அவர்கள்,
பணி நேரம்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை.

பொருள்: எங்கள் ஊர்ப் பபூனைத் திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. ராத்திரி ஒலிபெருக்கிக்குத் தடை போடும் தங்கள் விதி எண் 5(2). 2. போன பங்குனியில் எங்கள் மேடைக்கு ஏட்டையா வந்தது.

ஐயா,

கால் நூற்றாண்டாக இரவுப் பணி பார்த்தும் உடம்பு கெடாமல் இருக்கும் ஒரே அரசு ஊழியர் தாங்கள்தான். தங்கள் நேரந்தவறாமையை மெச்சித்தான் இந்த மனுவைத் தொடங்குகிறேன். எங்கள் சிக்கலும் அந்த நேரந்தவறாமைதான்.

எங்கள் பக்கம் கோயில் கொடை என்றால் ராத்திரி நாடகம். நாடகம் என்றால் பெரும்பாலும் வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்தது. 1918-இல் அவர் மதுரையில் பால சபா வைத்துப் பையன்களைப் பழக்கிய காலத்துக்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டது. நோட்டீஸில் அச்சடிக்கும் நேரம் மட்டும் மாறவில்லை: 'இரவு 10 மணி அளவில்'. தாங்கள் டூட்டிக்கு வரும் அதே நிமிடத்தில்தான் பபூன் முகத்துக்கு ரோஸ் பவுடர் அப்புகிறார். ஒரே ஷிப்டில் இரண்டு பேருக்கு வேலை இல்லை என்றால், மூத்தவரை வீட்டுக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

ஸ்பெஷல் நாடகம் தங்களுக்குப் பழக்கமிருக்காது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. அவரவரைத் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வராண்டாவில் ஆளுக்கொரு தகரப் பெட்டியைத் திறக்கும்போதுதான், 'இன்னைக்கு நீங்கதான் நாரதரா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இத்தனை ஏற்பாட்டுக்கும் முன்னால் தனியாக வந்து நிற்பவர் பபூன். முதல் ரெண்டு மணி நேரம் அவர் ராஜ்ஜியம். டான்ஸ்காரம்மா வரும்வரை அவரும் மைக்கும்தான்.

அந்த ரெண்டு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்கிறீர்களா? சாயங்காலமே ஊருக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்து சேதி பிடித்திருப்பார். போட்ட ஆறே மாதத்தில் பெயர்ந்த தார்ச்சாலை, மறுகால் காணாமல் போன கண்மாய், ரேஷன் கடை எடைக்கல், மூணு தடவை நிச்சயம் முறிந்த மாப்பிள்ளை, எல்லாம் மேடைக்கு வந்துவிடும். பிரசிடெண்ட் முன்வரிசை நாற்காலியில் துண்டைச் சரிசெய்துகொண்டு பாதி வாயால் சிரிப்பார். வருடத்தில் 364 நாளும் அவர் பேச நாங்கள் கேட்போம்; ஒரு ராத்திரி மட்டும் கணக்கு நேராகும். வசனம் எல்லாமே யோக்கியம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். சில இடத்தில் கிழவிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பொத்திக்கொண்டு அதிகமாகச் சிரிப்பதும் அவர்கள்தான்.

தாங்கள் இரக்கமில்லாதவர் அல்ல என்பதும் தெரியும். 5(3)-ஆம் பிரிவில், திருவிழாக்களுக்காக வருடத்துக்குப் பதினைந்து நாள் வரை, நடுராத்திரி பன்னிரண்டு மணி வரை விட்டுக்கொடுக்கலாம் என்று மாநில அரசுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை பபூன். நாரதர் வரவே ஒரு மணி ஆகும். முருகன் வேடனாக வர ரெண்டரை. வேடன் கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்க மூணரை. யானை வந்து வள்ளி பயந்து கட்டிப்பிடிக்கும்போது கிழக்கு வெளுக்கும். பன்னிரண்டு மணிக்கு மின்சாரத்தைப் பிடுங்கினால் பபூன் தப்பிப்பார். வள்ளி கன்னியாகவே வீட்டுக்குப் போவாள்.

எங்கள் விழாக் கமிட்டி சாமானியப்பட்டதா? மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மூளையைச் செலவழித்தார்கள். சாமி கல்யாணம் நின்றால் ஊருக்கு ஆகாது, பபூன் நின்றால் யாருக்கும் ஒன்றுமில்லை என்று காமிக் சீனையே வெட்டிவிட்டார்கள். முருகனும் வள்ளியும் பத்தேகாலுக்குச் சந்தித்துப் பதினொன்றே முக்காலுக்கு மாலை மாற்றினார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் மாதிரி இருந்தது. சாட்சிக் கையெழுத்துதான் பாக்கி. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்க வேண்டிய தர்க்கம் ஆறு நிமிடத்தில் ராசியானது. பதினோரு மணிக்கே பாதிச் சனம் சாக்கைச் சுருட்டிவிட்டது. கிழவிகள் அந்த வருடம் கமிட்டிக்காரர்களுடன் பேசவில்லை.

அதனால்தான் போன பங்குனியில் முழு ராத்திரி நாடகம் என்று துணிந்தார்கள். மனு கொடுத்ததும் உண்டு. பதில் வராததும் உண்டு. பதில் வராததையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நாங்கள் அப்படித்தான்.

பத்தே பத்துக்குப் பபூன் மேடையேறினார். இடது கன்னத்தில் பவுடர் அப்பியிருந்தது, வலது கன்னம் இன்னும் அவருடையதாகவே இருந்தது. சனம் கூச்சல் போட்டதால் பாதி வேஷத்திலேயே வந்துவிட்டார். மைக்கைத் தட்டி, 'கேக்குதா?' என்றார். பைக் சத்தம் கேட்டது. ஏட்டையா வண்டியை மேடைக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியேறி, 'பத்தாயிருச்சு, நிப்பாட்டுங்கப்பா' என்றார். பபூன் ரெண்டு கையையும் கூப்பினார். 'ஏட்டையா, எங்கூட காமிக் பண்றதுக்கு டான்ஸ்காரம்மா வரும்னு சொன்னாங்க. நீங்க வந்திருக்கீக. வேஷம் பிரமாதம். அந்தத் தலைப்பாகையை மட்டும் எடுத்துருங்க.' அரைக் கிலோமீட்டருக்குக் கேட்டிருக்கும் சிரிப்பு. அதற்கப்புறம் மைக் செத்துப்போனது. அத்துடன் நாடகம் ரத்து.

அமெரிக்காவிலும் இந்த வியாதி உண்டு என்று பேப்பரில் படித்தேன். அங்கே பபூன் கோட்டு சூட்டோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ராத்திரி பதினொன்று முப்பத்தைந்துக்கு ஆரம்பிப்பார். சிபிஎஸ் சானலில் 1993 முதல் ஓடிய 'தி லேட் ஷோ'வை 2026 மே மாதத்தோடு நிறுத்துவதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். பணக் கணக்குதான் காரணம் என்றது சானல். ஆனால் அறிவிப்புக்குச் சில நாள் முன்னால்தான், சானலின் தாய் நிறுவனம் ட்ரம்ப்போடு வழக்கை முடிக்க 1.6 கோடி டாலர் கொடுத்ததை லஞ்சம் என்று மேடையிலேயே கிண்டல் பண்ணியிருந்தார் அதை நடத்திய ஸ்டீபன் கோல்பேர். அவருக்குப் பத்து மாத நோட்டீஸ். எங்கள் பபூனுக்கு ஒரு நிமிடம், அதுவும் பாதி முகத்தோடு. அந்த ஊர்க்காரர்கள் அழுவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஐயா, தாங்கள் பணிபுரிவது தூங்கா நகரமான மதுரையின் எல்லையில். கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசே சொல்லிவிட்டது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கொத்துப் பரோட்டா போடும் தோசைக்கல்லின் டெசிபலைத் தாங்கள் அளந்ததுண்டா? சித்திரையில் அழகர் வண்டியூர் போய்த் திரும்பி ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் காட்டுகிறார். ஒரே ராத்திரியில் அத்தனை வேஷம். அவரை ஸ்பெஷல் நாடக நடிகர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாரா, தெரியவில்லை. எனக்கென்னவோ சந்தோஷப்படுவார் என்றே படுகிறது.

போகட்டும். தங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கூம்பு ஸ்பீக்கரை எங்கள் தெரு மின்கம்பத்தில் கட்டி, காலை நாலரைக்கே பக்திப் பாட்டு போட்ட காலத்தில் நானே தங்களைப் போல ஒருவர் வரமாட்டாரா என்று வேண்டியிருக்கிறேன். பங்குனியில் பன்னிரண்டாம் வகுப்புப் பரிட்சை வேறு. ஆனால் மூடிய அரங்கத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. கல்யாண மண்டபத்தில் ஏசி போட்டுக் கதவைச் சாத்தினால் டி.ஜே. குதிக்கலாம். எங்கள் கண்மாய்க்கரைக்குச் சுவர் எங்கே இருக்கிறது?

நாடகக்காரச் சனத்துக்குத் தடை புதிதில்லை. திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ் இதே வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடினார். போலீஸ் மேடையைச் சுற்றி நின்றது. இருபத்தொன்பது முறை சிறை. 1940 டிசம்பர் 31-இல் சென்னை ராயல் தியேட்டரில் முருக வேஷத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது. வெள்ளைக்காரன் போனபிறகு 1954-இல் நம் சர்க்காரே நாடகச் சட்டம் போட்டு, வசனத்தை முன்கூட்டியே காட்டச் சொன்னது. எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டதில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. எங்கள் பபூனுக்கு எழுதின வசனமே கிடையாது, எதைக் காட்டுவது? முன்னால் தடை போட்டவர்களெல்லாம் என்ன பேசுகிறாய் என்று பார்த்தார்கள். தாங்கள் மணியை மட்டும் பார்க்கிறீர்கள். அதில்தான் தங்கள் சாமர்த்தியம்.

அன்றைக்கு நாடகம் ரத்தானபின் பபூன் பாதிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். முதல் பஸ் நாலரைக்குத்தான். டீக்கடைக்காரர் பெஞ்சை வெளியே போட்டார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மைக் இல்லை, ஆர்மோனியம் இல்லை. 2010 திருத்தத்தில் வாத்தியத்தையும் சேர்த்துவிட்டீர்களே. குசுகுசுவென்றே அந்த மனுஷன் ரெண்டு மணி வரை ஊரையே உரித்தார். ரோந்து வந்த ஏட்டையா வண்டியை ஆஃப் பண்ணாமல் ஓரமாக நின்று கேட்டார். பிறகு ஆஃப் பண்ணினார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

ஆகவே, வரும் பங்குனியில் பபூனை மட்டும், வெறுந்தொண்டையோடு, களத்துமேட்டில் நிறுத்துவது என்று கமிட்டி முடிவு செய்துள்ளது. குடியிருப்புப் பகுதியில் ராத்திரிக்குத் தாங்கள் அனுமதிப்பது 45 டெசிபல். பபூன் அதற்குள் பேசிவிடுவார். சனம் சிரிப்பதற்கு யார் பொறுப்பு என்பதைத் தெளிவுபடுத்தி ஆணையிட வேண்டுகிறேன். மீட்டரோடு ஆள் அனுப்புவதாக இருந்தால் அதே ஏட்டையாவை அனுப்பவும். முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம். போன தடவை டீக்கடையில் 45-ஐத் தாண்டியது அவர் ஒருவர்தான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்வரிசைச் சாக்குக்காரன்.

இணைப்பு: போன பங்குனி நாடக நோட்டீஸ் ஒன்று (டீக்கடையில் பஜ்ஜி மடித்தது போக மீதி).