இட்லிக்குப் பதில் கார்ன் ஃபிளேக்ஸ்?

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். காலையில் இட்லியை விட்டுவிட்டு கார்ன் ஃபிளேக்ஸுக்கு மாறலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மாறலாம். சர்க்கரையும் கூடவே மாறும், மேல்நோக்கி! கார்ன் ஃபிளேக்ஸின் கிளைசெமிக் குறியீடு ஏறத்தாழ 80. 70-ஐத் தொட்டாலே அதிகம் என்பது கணக்கு. சோளத்தை வேகவைத்து, நசுக்கி, வறுத்தும் கொடுத்துவிட்டால் குடலுக்கு என்ன வேலை மிச்சம்? மாவுச்சத்து மளமளவென்று குளுக்கோஸாகி ரத்தத்தில் கலந்துவிடும்.

ஓட்ஸ் தேவலாம், அதிலும் உடைத்த ஓட்ஸ். அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து வயிற்றில் கூழாகக் குழைந்து செரிமானத்தை நிதானப்படுத்தும். இரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும் பொடி ஓட்ஸுக்கு அந்த நிதானம் போதாது.

பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஒரு வேளைக்கு 30 கிராம்' என்று இருக்கும். ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள், திடுக்கிடுவீர்கள். நம் வீட்டுக் கிண்ணங்களின் மனசு அவ்வளவு பெரிசு! மேலே தேன் ஊற்றாதீர்கள், அதுவும் சர்க்கரைதான். நாலு பாதாமோ அவித்த முட்டையோ கூட இருக்கட்டும்.

சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். இட்லி தின்ற நாளையும் அதேபோல் குறித்து, இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், தாயே!